பேசாத பலகை

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். ஜீவானந்தம் முப்பது வருஷம் அந்த வாயால்தான் பிழைத்தார். பெருங்களத்தூருக்குச் சற்று முன்னால், ஜி.எஸ்.டி. ரோட்டின் மேலேயே இருக்கும் ஜெயவேலுவின் டூவீலர் சர்வீஸ் சென்டரில், காலையில் வருகிற வண்டிகளை வாங்கி, குறைகளைக் கேட்டு, ஜாப் கார்டில் எழுதி உள்ளே அனுப்புவது அவர் வேலை. கேட்கச் சாதாரணமாக இருக்கும். அவர் அதைச் செய்த விதம் சாதாரணம் இல்லை.

வண்டி கொண்டுவருகிறவர்களுக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. "ஒரு மாதிரி சவுண்டு வருது" என்பார்கள். ஜீவானந்தம் விடமாட்டார். "எந்த மாதிரி சார்? டக்கு டக்குன்னா, கிர்ருன்னா, இல்ல நாய் அழுவுற மாதிரியா? நீங்களே ஒரு தபா பண்ணிக் காட்டுங்க" என்பார். மறைமலை நகர் கம்பெனி இன்ஜினியர், பேங்க் மேனேஜர், கல்லூரி விரிவுரையாளர் எல்லோரும் வெட்கப்பட்டுக்கொண்டே நடுக்கடையில் நின்று வாயால் சத்தம் செய்து காட்டுவார்கள். இவர் அதைத் திருப்பிச் செய்வார். "இப்படியா? இன்னும் கொஞ்சம் தகரம் மாதிரியா?" சத்தம் சரியாகப் பொருந்தியதும் உள்ளே திரும்பி, "சின்னப்பா, கேட்டுக்கோ" என்று ஒருமுறை எடுத்துவிடுவார். ஷெட்டுக்குள் குனிந்திருக்கும் மெக்கானிக் சின்னப்பன் நிமிராமலே "செயின் தளர்ந்துகீது" என்பான். அவ்வளவுதான். ஜாப் கார்டு ஒரு ஒப்புக்குத்தான்.

தொண்டை கட்டியபோது, கத்திக் கத்தி வந்த வினை என்றார்கள். அவரும் நம்பினார். பனங்கற்கண்டு, சித்தரத்தை, மிளகு என்று வாயில் அடக்கிக்கொண்டு, நடுவில் டீக்கடைச் சிகரெட்டையும் விடாமல் காலத்தைக் கடத்தினார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன. எடுத்தார்கள். இப்போது கழுத்தில் ஒரு துளை. மூச்சு அதன் வழியாகத்தான். அதன் மேல் மெல்லிய வெள்ளைத்துணி. கழுத்தில் வைத்து அழுத்திப் பேசுகிற கருவி ஒன்றை முயன்று பார்த்தார்கள். கரண்ட் வைப்பது என்கிற கதிர்வீச்சு வைத்தியத்தில் தோல் கட்டைபோல் இறுகியிருந்ததால் ஒலி உள்ளே ஏறவே இல்லை.

ஜெயவேலு நல்ல மனுஷன். முடிச்சூரில் இருந்த வீட்டுக்கே வந்து சொன்னார். "ஜீவா, கவுண்டர் உன்னுதுதான். வேற ஆளப் போடல. ஆனா கஸ்டமருக்கு பதில் சொல்ல ஒரு வழி பண்ணிக்கினு வா. முடியலன்னா உள்ள ஸ்பேர்ஸ் ரூம்ல ஒக்காந்துக்கோ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஸ்பேர்ஸ் ரூம் என்பது உதிரிபாகங்கள் அடுக்கிய, ஜன்னல் இல்லாத ஒரு பொந்து. ஆறு மாசமாக வாய் இல்லாமல் கிடந்த மனிதருக்கு அந்த அறையை நினைத்தபோதுதான் கண்ணீர் வந்தது. மகள் ஜீவிதாதான் டேப்லெட் யோசனையைச் சொன்னாள். "நைனா, ஆஸ்பத்திரில சிலேட்ல எழுதிக் காட்டுன மாரி இதுல எழுதிக் காட்டலாம். எழுதுனத சேத்தும் வெச்சிக்கலாம். ஜாப் கார்டு கூட இதுலயே முடிச்சிரலாம்."

இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஜீவானந்தத்தின் மனைவி எல்லம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. திரிசூலத்துக் கல்குவாரியில் பெற்றோர் கல் உடைக்க, அவள் தம்பிகளைத் தூக்கிக்கொண்டு வளர்ந்தவள். பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. இப்போது சேலையூரில் ஓர் அடுக்குமாடியில் படிகளையும் வராந்தாக்களையும் துடைக்கிற வேலை. ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் ஜீவானந்தம் எழுதுவார், ஜீவிதா உரக்கப் படிப்பாள், எல்லம்மா பதில் சொல்வாள். புருஷன் பெண்டாட்டி பேச்சு பெண்ணின் வாய் வழியாக நடந்தது. பெண்ணைவிட்டுப் படிக்கச் சொல்ல முடியாதவற்றை அவர் எழுதவே இல்லை. அப்படிப்பட்டவை எவ்வளவு என்பது கல்யாணம் ஆன எவருக்கும் தெரியும்.

அந்த ஜீவிதாவுக்கும் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. மாசக் கடைசியில் கிளம்புகிறாள். அவள் போனபிறகு இந்த வீட்டில் பேச்சு எப்படி நடக்கும் என்று கவலைப்பட்டது எல்லம்மா ஒருத்திதான். அதை அவள் வெளியில் சொல்லவும் இல்லை.

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டுக் கடை ஒன்றுக்கு மூன்று பேருமாகப் போனார்கள். பிரணவ் என்று சட்டையில் பெயர் குத்திய விற்பனையாளர் பொறுமைசாலி. பத்துப் பன்னிரண்டு டேப்லெட் பலகைகளைக் காட்டி, ஒவ்வொன்றாக ஒதுக்கி, கடைசியில் இரண்டை மேஜைமேல் வைத்தார்.

முதலாவது, எல்லோரும் வைத்திருக்கிற மாதிரி, பளபளப்பானது. நல்ல ஸ்பீக்கர் உண்டு. தமிழில் அடித்தால் வாய்விட்டுப் படிக்கும். ஜீவிதா அதில் எதையோ அடித்து விரலை வைத்தாள். "எல்லம்மா, வீட்டுக்குப் போகலாமா?" என்று அது கேட்டது. தாம்பரம் ஸ்டேஷனில் பயணிகளின் கனிவான கவனத்தைக் கேட்கும் அம்மாளின் குரல் அச்சுப் பிசகாமல். கடையில் நாலு பேர் திரும்பினார்கள். ஒருவர் சிரித்தார்.

ஆனால் எல்லம்மா சிரிக்கவில்லை. பலகையைப் பார்க்கவும் இல்லை. நேராகப் புருஷன் முகத்தைப் பார்த்து, "போலாம்யா" என்றாள். அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை வீட்டார் பார்த்து எத்தனையோ மாசம் ஆகியிருந்தது.

ஜீவானந்தம் அதைக் கவனிக்கவில்லை. அவருடைய கண் சிரித்த ஆள் மேல் இருந்தது. ஊரையே வாயால் கட்டி ஆண்ட மனிதன், ஸ்டேஷன் அம்மாள் குரலில் கஸ்டமரிடம் பேசுவதா? பிரணவ் ஆண் குரலுக்கு மாற்றிக் காட்டினார். அது செய்தி வாசித்தது. ஜீவானந்தம் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

இரண்டாவது பலகை கறுப்பு வெள்ளை. திரை காகிதம் மாதிரி சொரசொரவென்று இருந்தது. கண்ணைக் கூசாது, ஒரு தடவை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் ஓடும், பேனா பிடித்து எழுதலாம், எழுதியதெல்லாம் பக்கம் பக்கமாகத் தங்கும். ஜீவானந்தம் பேனாவை வாங்கி முதலில் ஒரு பிள்ளையார் சுழி போட்டார். அதன் கீழே "வண்டியில் என்ன குறை?" என்று எழுதினார். அவர் கையெழுத்து அழகு. பேச்சு போனபின் மிச்சமிருந்த ஒரே கர்வம் அதுதான். எழுத்து அவருடைய எழுத்தாகவே திரையில் நின்றது.

தொழில் தெரிந்தவர் என்பதால் அதோடு விடவில்லை. இரண்டு பலகைகளையும் எடுத்துக்கொண்டு உச்சி வெயிலில் நடைபாதைக்குப் போனார். அவர் கவுண்டர் இருப்பது அப்படிப்பட்ட வெயிலில். பளபளப்பான பலகையில் எழுத்தே தெரியவில்லை. அவருடைய முகமும் கழுத்துத் துணியும்தான் தெரிந்தன. மற்றதில் வெயில் ஏற ஏற எழுத்து பளிச்சென்று ஆனது. முடிவு அங்கேயே ஆகிவிட்டது.

"சார், ஒண்ணு சொல்லிடறேன். இதுல ஸ்பீக்கரே கிடையாது. இது பேசாது" என்றார் பிரணவ். "உங்களுக்கு வேலைக்கா, வீட்டுக்கா?"

ஜீவானந்தம் அந்தப் பலகையிலேயே "வேலைக்கு" என்று எழுதிக் காட்டினார்.

ஜீவிதா அம்மாவைப் பார்த்தாள். எல்லம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "வேலதானமா முக்கியம். அவருக்கு எது தோதோ அத்த வாங்கட்டும்" என்றாள். நம் ஊர்ப் பெண்கள் இப்படிச் சொன்னால் அதற்கு அர்த்தம் வேறு. கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆன ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் அது விளங்குவதே இல்லை. அப்படியே எடுத்துக்கொண்டு நிம்மதியாகிவிடுவார்கள். வீட்டில் இருந்த ஸ்மார்ட் ஃபோன் ஜீவிதாவோடு ஓசூர் போகப்போகிறது, மற்ற இருவரிடமும் இருப்பது பட்டன் ஃபோன் என்பதைக்கூட அவர் அப்போது யோசிக்கவில்லை.

பஸ்ஸில் ஜீவிதா தாழ்ந்த குரலில் சண்டை போட்டாள். "யம்மா, நீ வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"இன்னான்னு சொல்றது? அந்த ஆளு மறுபடி கவுண்டர்ல ஒக்காரணும். அது இல்லாட்டி செத்துப்பூடும்" என்றாள் எல்லம்மா.

கவுண்டரில் உட்கார்ந்தார். வேலையைப் பொறுத்தவரை பலகை மோசம் செய்யவில்லை. ஆயில் கையால் தொட்டாலும் துடைத்தால் போகும், வெயிலில் தெரியும், பழைய கஸ்டமர்கள் படித்துப் பதில் சொன்னார்கள். சிலர் அவருக்குக் காதும் போய்விட்டதாக எண்ணி உரக்கக் கத்தினார்கள். சிலர் அவர் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, தாங்களும் எழுதிக் காட்டினார்கள். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது ஒன்றுதான். சத்தத்தை எழுத முடியவில்லை. "டக் டக்" என்று எழுதிக் காட்டினால் சின்னப்பன் தலையைச் சொறிவான். "அண்ணா, எந்த டக்கு? நூறு டக்கு கீது." பிறகு அவனே எழுந்து வந்து வண்டியை ஓடவிட்டுக் கேட்பான். நிமிராமல் பதில் சொன்னவனை ஒவ்வொரு தடவையும் எழுந்து வரவைப்பது ஜீவானந்தத்துக்கு அவமானமாக இருந்தது.

ஆனாலும் பேனா சரளமாகிவிட்டது. வண்டி இல்லாத மத்தியானங்களில் சின்னப்பனிடம் பலகையில் பேசத் தொடங்கினார். பேச்சு அடைபட்டுக் கிடந்த மனிதர் அல்லவா, எழுத்து மடை திறந்தது. கரண்ட் வைத்தபோது பட்ட வலி, ஜீவிதா இல்லாத வீடு, துளைக்குள் தூசி போகிற பயம் என்று எல்லாவற்றையும் எழுதினார். சின்னப்பன் பீடியை அவருக்கு எட்டாத தூரத்தில் போய்க் குடித்துவிட்டு வந்து, உதட்டை அசைத்து அசைத்துப் படிப்பான்.

வீட்டில் இதற்கு நேர்மாறு. ஜீவிதா ஓசூர் போன அன்றே வீடு அடங்கிவிட்டது. உப்பு, தண்ணீர், மாத்திரை இவற்றுக்குச் சைகை போதும். அதற்கு மேல் அவர் உதட்டை அசைத்தால் எல்லம்மா உற்றுப் பார்த்து, "மெல்ல சொல்லுயா" என்பாள். மூன்றாம் தடவை அவருக்கு எரிச்சல் வரும். கையை உதறிவிட்டு எழுந்துவிடுவார். ஊமை கண்ட கனா மாதிரி எல்லாம் அவருக்குள்ளேயே கிடந்தது.

முதலில் எல்லம்மா தன் பங்குக்குப் பேசிக்கொண்டுதான் இருந்தாள். அடுக்குமாடியில் மூன்றாவது மாடி அம்மா நாய் வாங்கியது, லிஃப்ட் நின்றது, செக்யூரிட்டிக்காரருக்குக் கண்ணில் ஆபரேஷன். ஆனால் கதை சொல்கிறவருக்கு எதிரில் ஒருவர் "உம்" கொட்ட வேண்டும். அந்த ஒற்றை ஒலிகூட ஜீவானந்தத்தால் முடியாது. அவள் அரிசி களைந்துகொண்டே பேசுவாள். திரும்பிப் பார்த்தால்தான் அவர் கேட்கிறாரா தூங்குகிறாரா என்று தெரியும். எத்தனை தடவைதான் திரும்பிப் பார்ப்பாள்? கொஞ்சம் கொஞ்சமாகக் கதையை விட்டாள். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் மிக்ஸியும் ஃபேனும் மட்டும் பேசின.

அப்படியிருக்கும்போதுதான் அவள் விழுந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை. மழை பிடித்துக்கொள்ளும் போலிருந்ததால், ஜீவானந்தம் கடையிலிருந்து சீக்கிரம் கிளம்பி அவளை வண்டியில் அழைத்துப்போகச் சேலையூர் போனார். படியேறிப் போனபோது அவள் மேல் வராந்தாவைத் துடைத்துக்கொண்டே பின்பக்கமாக நகர்ந்து வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் படி. ஒரு பாதம் அந்தரத்துக்கு வருவதை அவர் கீழேயிருந்து பார்த்தார். எல்லம்மா என்று வாயைத் திறந்தார். கழுத்துத் துணி படபடத்ததே தவிர வேறொன்றும் வரவில்லை. அவள் உருண்டு வந்து அவர் காலடியில் விழுந்தாள்.

கையைத் தட்டியிருக்கலாம். கைப்பிடிக் கம்பியில் ஹெல்மெட்டால் அடித்திருக்கலாம். பிறவியிலேயே பேச்சில்லாத ஒருவர் அதைத்தான் செய்திருப்பார். ஜீவானந்தத்துக்கு அது தோன்றவே இல்லை. ஆபத்து என்றதும் முப்பது வருஷப் பழக்கம் வாயைத்தான் திறக்க வைத்தது.

மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்தார்கள். புது வேலையில் இருக்கிற பெண்ணைக் கலங்கடிக்க வேண்டாம் என்று எல்லம்மா ஜீவிதாவுக்குத் தெரிவிக்கவே விடவில்லை.  மறுநாள் காலை, அவர் இட்லியைப் பிட்டு அவள் வாயில் வைத்தபோது எல்லம்மா சொன்னாள்.

"உருண்டு வரும்போது உன் மூஞ்சத்தான் பாத்தேன். வாயப் பொளந்துகினு பாத்துக்கினே நின்ன. எட்டி ஒரு அடி வெச்சிருந்தா புடிச்சிருப்ப."

ஜீவானந்தம் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். தொண்டையைத் தொட்டார், அவளைக் காட்டினார், உதட்டை அசைத்தார். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "செரி வுடு. கை போனது போனதுதான்."

 கூப்பிட்டேன் என்று ஒரே வார்த்தை. அதைத்தான் அவளிடம் சேர்க்க வேண்டும். பலகையை எடுத்தார், பேனாவை எடுத்தார், அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். பலகை வாங்கிய கடையில் அந்த ஸ்டேஷன் அம்மாள் குரல் "எல்லம்மா" என்று கூப்பிட்டதும், அதற்கு இவள் "போலாம்யா" என்றதும் அப்போதுதான் முதல்முறையாக அவருக்கு உறைத்தது. சர்வீஸ் சென்டருக்குப் போனதும் பலகையை எடுத்து மூச்சுவிடாமல் எழுதினார். அவள் பின்பக்கமாக நடந்து வந்ததை, தான் வாயைத் திறந்ததை, கை தட்டத் தோன்றாததை, வேலைக்கென்று பலகை வாங்கிய தன் மடத்தனத்தை, அவளுக்குப் பதில் தான் விழுந்திருக்கலாம் என்பதை. எழுதி முடித்துச் சின்னப்பனிடம் நீட்டினார். அவன் படித்துவிட்டு, கண்ணைத் துடைக்கிற சாக்கில் முகமெல்லாம் கிரீஸ் பூசிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை சின்னப்பன் ஆரஞ்சும் பன்னும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். எல்லம்மா பாயில் சாய்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கையைப் பற்றியே பேசினான். பிறகு மெதுவாகத் தொடங்கினான்.

"அக்கா, அண்ணன் உன்னப்பத்தி நேத்து எழுதிக் காட்டுனாரு. எனக்கே பேஜாராப் போச்சி. படிச்சிக் காட்டட்டுமா?"

ஜீவானந்தம் அவசர அவசரமாகப் பலகையை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, அவன் கையில் திணித்தார். படி, படி என்று விரலால் தட்டினார். எல்லம்மா கட்டுப் போடாத கையை நீட்டித் தடுத்தாள்.

"வேணாம்பா. தப்பா நெனச்சிக்காத. எம் புருசன் எனக்கு சொல்லவேண்டியத நீ படிச்சிக்க, கடைல நாலு பேரு படிச்சிக்க, கடைசில எனக்குப் படிச்சிக் காட்டுவியா? நான் இன்னா கஸ்டமரா?"

சின்னப்பனுக்கு முகம் செத்துப்போயிற்று. "அப்படி இல்லக்கா" என்று இரண்டு தரம் சொன்னான். மூன்றாவது தரம் சொல்லாமல், பலகையைப் பாயோரம் வைத்துவிட்டு, டீகூடக் குடிக்காமல் கிளம்பினான்.

அவன் வண்டி தெருமுனை தாண்டியது. பிறகு எல்லம்மா பலகையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மகளிர் குழுவில் கைநாட்டு கூடாது என்று கையெழுத்துப் போட மட்டும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தன் பெயர் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்திக்கொண்டு வந்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இது நானு" என்றாள்.

ஜீவானந்தம் ஆமாம் என்றார்.

விரல் கீழே இறங்கியது. இன்னொரு இடத்தில் நின்றது. அடுத்த பக்கத்திலும் நின்றது. "எத்தினி எடத்துல கீறேன்" என்றாள் வியப்போடு. பிறகு விரலைப் பெயருக்கு அடுத்த வார்த்தைக்குக் கொண்டுபோய் வைத்து, "இதுக்கப்புறம் இன்னா போட்டுக்கீற?" என்று கேட்டாள்.

அந்த வார்த்தைதான் "கூப்பிட்டேன்". ஜீவானந்தம் அவள் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தார். உதட்டை மெல்ல, மிக மெல்ல அசைத்தார். எரிச்சல் படாமல் திரும்பத் திரும்பச் செய்தார். எல்லம்மா அவர் வாயையே பார்த்தாள். அவள் உதடும் கூடவே அசைந்து பார்த்தது. கடைசியில் தலையை ஆட்டினாள்.

"புரியலய்யா."

அவர் கண்ணிலிருந்து நீர் இறங்கித் துணியில் விழுந்தது. எல்லம்மா தலைப்பால் அதைத் துடைத்தாள். துளைக்குள் ஒரு சொட்டும் போய்விடாமல் பக்குவமாகத் துடைத்தாள்.

"செரி, அழுவாத. நல்லதாதான எழுதிக்கீற?"

ஜீவானந்தம் தலையாட்டினார். வேறென்ன செய்ய முடியும்?

"அது போதும்" என்று எல்லம்மா பலகையை அவரிடமே கொடுத்துவிட்டாள். ஒற்றைக் கையை ஊன்றி எழுந்து, அடுப்பில் உலை கொதிக்கிறதா என்று பார்க்கப் போனாள். கூப்பிட்டார் என்பது அவளுக்குத் தெரியாமலே போயிற்று.